பல்கலைக்கழகப் பொறியியல் ஆய்வகத்தில் பள்ளி ஆசிரியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஜூன் மாதம் பள்ளிகள் மூடியதும், பல பல்கலைக்கழகங்களின் பொறியியல் ஆய்வகங்களில் பள்ளி ஆசிரியர்கள் வந்து சேருவார்கள். ஆறேழு வாரம் அங்கேயே வேலை. ஆகஸ்டில் திரும்பிப் போகும்போது தங்கள் வகுப்புக்கு ஒரு பாடத்தையும் தயாரித்து எடுத்துப் போவார்கள். நான் கான்கிரீட் ஆராய்ச்சி நடக்கும் ஒரு சிவில் ஆய்வகத்தில் இருக்கிறேன். கோடைதோறும் இப்படி வரும் ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். இங்குள்ள பள்ளிகளில் பாடம் எடுக்கும் தமிழ் ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்தால் உதவுமே என்று இதை எழுதுகிறேன். சில கேள்விகள் பேராசிரியர்கள் கேட்டவை.

இது பயிற்சி வகுப்பா, வேலையா?

வேலைதான். ஆசிரியர்களுக்கான வழக்கமான கோடைப் பயிலரங்கில் ஒருவர் முன்னால் நின்று பேசுவார், மற்றவர்கள் குறிப்பு எடுப்பார்கள். இங்கே அப்படிக் கிடையாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியில் ஒரு சிறு பகுதி உங்கள் கைக்கு வரும். அதற்கு விடை பேராசிரியருக்கும் தெரியாது. பள்ளியில் நாம் செய்யவைக்கும் சோதனைகளில் விடை முதலிலேயே நமக்குத் தெரியும் அல்லவா, பெரிய வேறுபாடு அதுதான்.

யார் நடத்துகிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி தேசிய அறிவியல் அறக்கட்டளையிடமிருந்து வருகிறது. எல்லோரும் என்.எஸ்.எஃப். என்று சொல்வது அதைத்தான். 1950-இல் தொடங்கிய அரசு அமைப்பு. பொறியியல், கணினி அறிவியல் துறைகளில் ஆசிரியர்களுக்கான ஆராய்ச்சி அனுபவத் திட்டம் ஒன்றை அது நடத்துகிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆர்.இ.டி.' என்பார்கள். இந்த நிதியைப் பெற்று ஆசிரியர்களைக் குழுவாகச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்துக்கு 'தளம்' என்று பெயர். இதைத் தவிர, ஏற்கெனவே என்.எஸ்.எஃப். நிதியில் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவர் கூடுதல் நிதி கேட்டு வாங்கி ஓரிரு ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவும் முடியும். பெரிய பொறியியல் ஆராய்ச்சி மையங்களும் தங்கள் பங்குக்கு ஆசிரியர்களை எடுக்கின்றன.

இந்த நிதி சில ஆண்டுத் தவணைகளாகத்தான் வரும். தவணை முடிந்து புதுப்பிக்கவில்லை என்றால் அந்தத் தளம் நின்றுவிடும். தோழி ஒருத்தி மூன்று ஆண்டுக்கு முன்பு போன இடம் இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குளிர்கால விடுமுறையிலேயே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் திறந்து மூடும்.

நான் அறிவியல் ஆசிரியர் இல்லை. விண்ணப்பிக்கலாமா?

கணக்கு, கணினி, தொழில்நுட்பம் எடுப்பவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களையும் பல தளங்கள் எடுக்கின்றன. நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள், 'இதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியருக்குத்தான்' என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது தேவையே இல்லை. என் அனுபவத்தில் ஆறாம், ஏழாம் வகுப்பு ஆசிரியர்கள் கொண்டுபோன பாடங்கள்தான் நன்றாக நடந்திருக்கின்றன. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருக்கடி குறைவு. ஒரு வாரம் ஒரே சிக்கலில் உட்கார அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

குடியுரிமை பற்றிக் கவனமாக இருங்கள். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருக்க வேண்டும் என்று பல தளங்கள் அறிவிப்பிலேயே சொல்லிவிடும். வேலை வீசாவில் இருந்தால் விண்ணப்பத்தில் நேரத்தைச் செலவழிக்கும் முன் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பொறியியலே படிக்கவில்லையே. அங்கே போய் விழிக்க மாட்டேனா?

முதல் வாரம் விழிப்பீர்கள். எல்லோரும் விழிப்பார்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் முனைவர் பட்ட மாணவருக்கும் அதே கதைதான், அவருக்கு விழிக்க ஓராண்டு கொடுக்கிறோம், உங்களுக்கு ஒரு வாரம். அதனால் கேள்விகளை அடக்கி வைக்காதீர்கள்.

உங்களிடம் இருப்பதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் சோதனை செய்யவைத்துப் பழகியவருக்கு, எந்தப் படியில் கை தவறும், எந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். எங்கள் ஆய்வகத்தின் செய்முறைத் தாளைப் படித்த ஓர் ஆசிரியர், 'நன்றாகக் கலக்கவும் என்றால் எவ்வளவு நேரம்?' என்று கேட்டார். நாங்கள் ஆளுக்கொரு நேரம் கலக்கிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அந்தத் தாளில் இப்போது நிமிடக் கணக்கு இருக்கிறது.

அங்கே என்ன வேலை கொடுப்பார்கள்? குடுவை கழுவவா?

குடுவையும் கழுவுவீர்கள், அது எல்லோருடைய வேலையும். ஆனால் அது மட்டும்தான் என்றால் அந்த ஆய்வகம் உங்களுக்காகத் தயாராகவில்லை என்று பொருள்.

நான் முதன்முதலாக ஓர் ஆசிரியருக்கு வழிகாட்டியபோது அந்தத் தவறைச் செய்தேன். அவருக்கென்று ஒரு கேள்வியை யோசித்து வைக்கவில்லை. முதல் இரண்டு வாரம் மணலைச் சலித்துக்கொண்டே இருந்தார். மணல் சலிப்பது கான்கிரீட் ஆராய்ச்சிக்குத் தேவையான வேலைதான், ஆனால் ஏன் சலிக்கிறோம், அந்த எண்கள் எங்கே போகின்றன என்று நான் சொல்லவே இல்லை. அவர் முகம் சுளிக்காமல் செய்தார். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. அதன் பிறகு, ஆசிரியர் வருவதற்கு முன்பே அவருக்கான கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறேன். எழுத முடியவில்லை என்றால் அந்த ஆண்டு ஆசிரியரை ஏற்பதில்லை.

ஆறு வாரத்தில் உருப்படியாக என்ன முடியும்?

எங்கள் துறையையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 7-8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதனால் சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, அனல்மின் நிலையத்தில் கிடைக்கும் ஃப்ளை ஆஷ் என்ற நுண்சாம்பலைச் சேர்த்தால் வலிமை எப்படி மாறுகிறது என்று பார்க்கிறோம். பொதுவாக, சாம்பல் சேர்த்த கான்கிரீட் தொடக்கத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும். நாள் போகப்போகச் சாதாரணக் கான்கிரீட்டை எட்டிப் பிடிக்கும். எவ்வளவு சாம்பல், எத்தனை நாள், எந்த வகைச் சாம்பல் என்பதில்தான் கேள்விகள் எல்லாம்.

கான்கிரீட்டின் வலிமையை வழக்கமாக 28-ஆம் நாளில் அளப்பார்கள். ஆறு வாரம் என்பது 42 நாள். ஆக, முதல் வார வெள்ளிக்கிழமைக்குள் வார்த்துவிட்டால் ஐந்தாம் வார வெள்ளிக்கிழமை உடைத்துப் பார்க்கலாம். மூன்றாம் வாரத்தின் நடுவில் வார்த்தால், உடைக்கும் நாளில் ஆசிரியர் ஊருக்குப் போயிருப்பார். இதைக் கணக்குப் போட்டு வைக்காத ஆய்வகத்தில் கோடை முழுவதும் வீணாகிவிடும். இது கான்கிரீட்டுக்கு மட்டும் இல்லை. பாக்டீரியா வளர்ப்பதானாலும், மின்கலத்தை ஏற்றி இறக்கிச் சோதிப்பதானாலும், ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கான காலம் இருக்கிறது. சேர்ந்த முதல் நாளே வழிகாட்டியிடம் 'இதன் விடை எந்தத் தேதியில் வரும்?' என்று கேளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் வாரங்கள் சுமாராக இப்படிப் போகும். முதல் மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சி, கருவிகள் அறிமுகம், இரண்டு மூன்று கட்டுரைகளைச் சேர்ந்து படிப்பது. வியாழன் ஒத்திகை. வெள்ளி வார்ப்பு. கான்கிரீட்டைக் கலந்ததும் ஸ்லம்ப் சோதனை செய்வோம். 30 செ.மீ. உயரமுள்ள ஓர் இரும்புக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பைத் தூக்கினால் கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பது. வந்த ஆசிரியர்கள் அனைவருக்கும் பிடித்த சோதனை இது. பிறகு உருளை அச்சுகளில் நிரப்பி, மறுநாள் அச்சைக் கழற்றி, ஈரம் குறையாத அறையில் வைப்போம். கட்டட வேலையில் தண்ணீர் காட்டுவது என்பார்களே, அதேதான். அடுத்த மூன்று வாரங்களில் மூன்றாம் நாள், ஏழாம் நாள் உருளைகளை உடைப்பது, பழைய தரவுகளை ஒழுங்கு செய்வது, பிற்பகல்களில் பாடத்தை எழுதுவது. ஐந்தாம் வாரம் 28-ஆம் நாள் சோதனை. ஆறாம் வாரம், முடிவுகளைப் படங்களோடு ஒரே பெரிய தாளில் காட்டும் போஸ்டர், பிறகு பேச்சு.

சோதனை சொதப்பினால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்வதுதான் நல்ல விடை. ஏழாம் வகுப்பு அறிவியல் எடுக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். அவரோடு வேலை செய்த முனைவர் பட்ட மாணவரும் தமிழர். 28-ஆம் நாள். 10 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரம் உள்ள மூன்று உருளைகள். முதலாவது 31 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் உடைந்தது, இரண்டாவது 33-இல். அந்தச் சின்ன உருளை உடைவதற்கு முன் ஏறக்குறைய 25, 26 டன் எடையைத் தாங்கியிருக்கிறது. உடையும் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஆசிரியை ஓரடி பின்னால் போவார். மூன்றாவது 24-லேயே நொறுங்கிவிட்டது.

அவர் முகம் வாடிவிட்டது. "தம்பி, இந்த 24-ஐ விட்டுவிட்டு மற்ற ரெண்டுக்கும் சராசரி எடுத்துடலாமா?"

"விட வேண்டாம் அக்கா. வார்த்த அன்றைக்கு என்ன எழுதியிருக்கோம்னு முதல்ல பார்ப்போம்."

குறிப்பேட்டைத் திருப்பினார்கள். ஆசிரியையின் கையெழுத்திலேயே இருந்தது: இரண்டாம் உருளை முடிந்ததும் தீ எச்சரிக்கை மணி அடித்தது, எல்லோரும் வெளியே போனோம், திரும்பி வந்து மூன்றாவதை நிரப்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் கலவை இறுகத் தொடங்கியிருக்கிறது. குத்தும் கம்பி சரியாக இறங்கவில்லை. நொறுங்கிய துண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், பக்கவாட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். காரணம் கண்முன்னே கிடந்தது. அந்த எண்ணை அவர்கள் நீக்கவில்லை. போஸ்டரில் அதற்கென்று ஒரு தனிப் படம் வைத்து, ஏன் குறைந்தது என்று விளக்கினார்கள். முடிவு நாளில் பேராசிரியர்கள் அதிக நேரம் நின்று பேசியது அந்தப் படத்தின் முன்னால்தான்.

அந்த ஆசிரியை பிறகு எனக்கு எழுதியது: அவருடைய வகுப்பில் இப்போது ஆய்வுக் குறிப்பேட்டில் எதையும் ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு அடித்துவிட்டு மேலே எழுத வேண்டும். தப்பு வந்த குழுதான் முதலில் பேச வேண்டும். ஆறு வாரத்தில் அவர் கற்றுக்கொண்டுபோன கான்கிரீட் விவரங்களைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

எந்த ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது?

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். நாளும் உங்களோடு நிற்கப் போவது யார் என்று பாருங்கள். பேராசிரியரை வாரத்துக்கு ஒரு முறைதான் பார்ப்பீர்கள், மற்ற நாளெல்லாம் உங்களுக்கு வழிகாட்டி ஒரு முனைவர் பட்ட மாணவர்தான். அவர் கோடையில் ஊரில் இருப்பாரா, அல்லது மாநாட்டுக்கோ சொந்த நாட்டுக்கோ போகிறாரா? சென்ற ஆண்டு அங்கே இருந்த ஆசிரியரோடு பத்து நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா? இந்த இரண்டும் தெரிந்தாலே போதும்.

உங்கள் பாடத்தோடு அப்படியே பொருந்தும் ஆய்வகம் வேண்டும் என்பதில்லை. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் செய்யும் இடமாக இருந்தால் வகுப்புக்குக் கொண்டுபோவது எளிது: நீர் வடிகட்டல், பாலங்கள், மண், செயற்கைக் கை, சூரிய மின்கலம். கணினியில் மட்டுமே நடக்கும் ஆராய்ச்சியும் நல்லதுதான், ஆனால் அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மேசைக்குக் கொண்டுவர உங்களுக்கு இரட்டிப்பு உழைப்பு ஆகும்.

உதவித்தொகை உண்டா? தங்குமிடம், குழந்தைகள்?

உண்டு. ஆறு வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர் என்று தளத்துக்குத் தளம் வேறுபடும். அது வருமானமாகக் கணக்கில் வரும், வரி பிடிக்காமல் கையில் கொடுத்தாலும் ஆண்டுக் கடைசியில் வரி கட்ட வேண்டியிருக்கும். கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வகுப்புக்கான பொருட்கள் வாங்கத் தனியாக ஒரு சிறு தொகையும் பல இடங்களில் தருகிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலான தளங்கள் அக்கம்பக்கத்து மாவட்ட ஆசிரியர்களை நினைத்தே நடத்தப்படுவதால் தங்குமிடம் எல்லா இடத்திலும் கிடைக்காது. குழந்தைகளை ஆய்வகத்துக்குள் கூட்டிவர முடியாது. நேரம் பெரும்பாலும் காலை முதல் மாலை வரை முழுநாள். கோடை வகுப்பு வேலையையும் இதையும் சேர்த்துச் செய்யலாம் என்று நினைத்து வந்தவர்கள் இரண்டாம் வாரத்திலேயே தவித்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுப்பார்கள்?

'சிறு வயதிலிருந்தே அறிவியல் ஆர்வம்' என்று தொடங்கும் கட்டுரைகள் எங்களுக்குக் குவியலாக வரும். அதை விட்டுவிட்டு, உங்கள் வகுப்பில் நீங்கள் எதிலே முட்டி நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'பாலம் கட்டும் போட்டி நடத்துகிறேன். பிள்ளைகள் குச்சிகளை ஒட்டுகிறார்கள், பாலம் உடைகிறது, கைதட்டுகிறார்கள், மணி அடித்துவிடுகிறது. ஏன் அங்கே உடைந்தது என்று கேட்க எனக்கே தெரியவில்லை.' இதைப் படித்த உடனே அவருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றிவிட்டது. உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து, திரும்பி வந்ததும் இந்தப் பாடத்தை நடத்த நேரம் தருவோம் என்று ஒரு கடிதம் கேட்பார்கள். அதைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள்.

வகுப்புக்கு எப்படிக் கொண்டுபோவது? எங்கள் பள்ளியில் அந்தக் கருவிகள் இல்லையே?

கருவியைக் கொண்டுபோக நினைத்தால் முடியாது. கேள்வியைச் சின்னதாக்கிக் கொண்டுபோகலாம். இந்த இடத்தில்தான் ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேலே சொன்ன ஆசிரியை முதலில் எழுதிய பாடத்தில் சிமெண்டின் வேதியியல், கரியமில வாயு, நுண்சாம்பல், வலிமை வரைபடம் எல்லாம் இருந்தன. ஆறு வகுப்பு நேரம் ஆகும். அதில் பிள்ளைகள் கையால் எதையும் செய்யும் நேரம் அரை மணி. கூட இருந்த ஆசிரியர்கள் அதைப் படித்துவிட்டு, 'இது நீங்கள் கற்றது, பிள்ளைகள் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது?' என்று கேட்டார்கள். அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே கேள்வியை வைத்துக்கொண்டார்: தண்ணீர் கூடினால் கலவை வலுப்படுமா, பலவீனமாகுமா?

சிமெண்டும் மணலும் கலந்து வார்த்த சின்ன விட்டங்கள், அதாவது உத்தரம் போன்ற கட்டைகள். 16 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. தடிமன். சிமெண்ட் எடைக்கு 0.4, 0.5, 0.6 பங்கு தண்ணீர். ஏழு நாள் ஈரத்துணியில். பிறகு இரண்டு மேசைகளுக்கு இடையில் விட்டத்தைக் கிடத்தி, நடுவில் வாளியைக் கட்டி, உடையும் வரை மணலைக் கரண்டியால் போட வேண்டும். வாளி தரையிலிருந்து சில செ.மீ. உயரத்தில்தான் தொங்க வேண்டும், விழுந்தால் காலில் படக் கூடாது. சிமெண்ட் கலவை தோலை அரிக்கும் அளவுக்குக் காரத்தன்மை கொண்டது. கையுறை, கண்ணாடி இல்லாமல் ஒரு பிள்ளையும் தொடக் கூடாது, கலப்பதை ஆசிரியரே செய்வது இன்னும் நல்லது.

நடந்தது என்ன தெரியுமா? அதிகத் தண்ணீர் ஊற்றிய குழு ஒன்றின் விட்டம்தான் முதல் பரிசு வாங்கும்போல இருந்தது. பிள்ளைகள் குழம்பினார்கள். ஆசிரியை விடையைச் சொல்லவில்லை. 'எல்லா விட்டமும் ஒரே மாதிரிதான் இருக்கா?' என்று மட்டும் கேட்டார். ஸ்கேலை எடுத்து அளந்தார்கள். அந்த விட்டம் 1.8 செ.மீ. தடிமன். வளைக்கும்போது விட்டம் தாங்கும் எடை அதன் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், 1.5-க்குப் பதில் 1.8 என்றால் 44 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். தண்ணீரால் வந்த பலவீனத்தைத் தடிமன் மறைத்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே, 'தடிமன் ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பிடவே கூடாது டீச்சர்' என்று சொன்னார்களாம். அடுத்த முறை அச்சைச் சரிசெய்தது பிள்ளைகள்தான்.

இங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் 'அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்' 2013-இல் வந்தவை. அறிவியலோடு பொறியியலையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்: சிக்கலை வரையறுப்பது, தீர்வை வடிவமைப்பது. உங்கள் பாடம் அதில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று குறித்துவிட்டால் பள்ளியில் நேரம் வாங்குவது எளிது. ஆசிரியர்கள் எழுதிய இதுபோன்ற பாடங்கள் 'டீச் இன்ஜினியரிங்' இணைய நூலகத்தில் ஏராளமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாக எழுத உட்காரும் முன் அதில் ஒரு மாலை நேரத்தைச் செலவழியுங்கள்.

இதனால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1990 முதல் நடத்திய ஆசிரியர் ஆராய்ச்சித் திட்டம் பற்றி 'சயின்ஸ்' இதழில் 2009-இல் ஒரு கட்டுரை வந்தது. அங்கே ஆசிரியர்கள் இரண்டு கோடைகள் ஆய்வகத்தில் இருப்பார்கள். திட்டத்தில் சேருவதற்கு முந்தைய ஆண்டில், அவர்களுடைய மாணவர்களும் மற்ற ஆசிரியர்களின் மாணவர்களும் மாநிலத்தின் ரீஜன்ட்ஸ் அறிவியல் தேர்வில் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் தேறினார்கள். சேர்ந்த பின் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அவர்களுடைய மாணவர்களின் தேர்ச்சி 10.1 சதவீதம் கூடுதலாக இருந்தது.

மூன்றாம், நான்காம் ஆண்டு என்பதைக் கவனியுங்கள். முதல் ஆண்டே மதிப்பெண் ஏறவில்லை என்று மனம் தளராதீர்கள், உங்கள் தலைமையாசிரியரையும் தளர விடாதீர்கள். கொலம்பியாவில் இருந்தது பொதுவாக அறிவியல் ஆராய்ச்சி, இரண்டு கோடைகள் வேறு. ஒரே கோடைப் பொறியியல் திட்டத்துக்கு அதே எண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஆசிரியர் தானே ஆராய்ச்சி செய்தால் அது வகுப்பு வரை போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்க்கவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வருமா?

உங்கள் தரவு அதில் இடம்பெற்று, நீங்களும் எழுத்தில் பங்கெடுத்தால் வர வேண்டும். அதை முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. போஸ்டர் உறுதி, கட்டுரை வெளிவர ஓராண்டு ஈராண்டு ஆகலாம்.

என் மாணவர்களிடம் தேர்வு வைத்து, அந்த முடிவுகளை வெளியிடலாமா?

வகுப்பைச் சீர்செய்ய நீங்களே வைத்துக்கொள்ளும் தேர்வுக்குச் சிக்கல் இல்லை. வெளியிடுவதாக இருந்தால், மனிதர்களைக் கொண்டு நடக்கும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி முன்கூட்டியே தேவை. பள்ளி மாவட்டமும் ஒப்ப வேண்டும், பெற்றோரின் சம்மதமும் பெரும்பாலும் கேட்கப்படும். பிள்ளைகளின் படத்தைப் போஸ்டரில் ஒட்டுவதற்கும் இதே கவனம் வேண்டும்.

பேராசிரியராக இருக்கிறேன். ஆசிரியரை ஏற்பதால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

உடனடியாக வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் இரண்டு வாரம் உங்கள் மாணவரின் நேரம் போகும். ஆனால் அந்த மாணவர் தன் ஆராய்ச்சியைச் சாதாரணச் சொற்களில் விளக்கப் பழகிவிடுவார். 'இதைச் செய்து யாருக்கு என்ன ஆகப் போகிறது?' என்று ஆசிரியர் கேட்பார். அதற்கு நேர்மையான பதில் தேடும்போது ஆராய்ச்சியின் திசையே கொஞ்சம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். வழிகாட்டும் மாணவருக்கு ஒன்று மட்டும் முன்பே சொல்லி வையுங்கள். வருபவர் பயிற்சி மாணவர் அல்ல, இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒரு தொழில்முறை ஆசிரியராகவும் இருக்கலாம். கருவியைக் காட்டும்போது அதிகாரத் தொனி வந்தால் அன்றோடு கேள்விகள் நின்றுவிடும்.

கோடை முடிந்ததும் தொடர்பு அறுந்துவிடுமா?

பார்த்துக்கொள்ளாவிட்டால் அறுந்துவிடும். செப்டம்பரில் பள்ளி தொடங்கியதும் ஆசிரியருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, பல்கலைக்கழகத்தில் எங்களுக்கும் வகுப்புகள் தொடங்கிவிடும். அதனால் ஆறாம் வாரம் முடிவதற்குள் இரண்டு தேதிகளைக் குறித்துவிடச் சொல்கிறேன். பாடத்தை முதன்முறை நடத்தும் நாளில் முனைவர் பட்ட மாணவர் வகுப்புக்கு வருவது ஒன்று. பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வருவது இன்னொன்று. பள்ளிப் பேருந்துக்குப் பணம் இல்லை என்றால், உடைக்கும் இயந்திரத்தின் முன்னால் தொலைபேசியை நிறுத்தி நேரலையில் காட்டுகிறோம். சென்ற குளிர்காலத்தில் அப்படி ஒரு நாள், உருளை உடைவதற்கு முன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓர் எண்ணைச் சொல்லி ஊகித்தார்கள். மூன்றாவது உருளை உடைந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "அந்த மூன்றாவதை யார் வார்த்தாங்க, எத்தனை மணிக்கு?"

குறிப்பேட்டை எடுத்துத் தொலைபேசிக்கு நேராகக் காட்டினோம்.